ஒன்றை மட்டும் குறிக்கவும்

அனுமதிப் படிவத்தில் ஆறாவது வரி, இசை வகை.
பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள்.
கீழே அடிக்குறிப்பு: ஒன்றை மட்டும் குறிக்கவும்.
நான் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
மோரீன் ஸ்கெல்ட்டன் எதிரில் அமர்ந்து
கரக் டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார்.
"நீங்களே போடுங்கள் ஜெபராஜ்,
நாற்பத்து நான்கு வருஷமாக எனக்கே தெரியவில்லை."

கட்டணம் குறைவென்று
'பின்னணி இசை'யில் டிக் அடித்தேன்.
சிரித்த சிரிப்பில் டீ மேசையெல்லாம்.

ஜுஃபேரில் ஓட்டல், ஏழாம் மாடி லவுஞ்ச்.
வாரம் ஐந்து இரவு, மூன்று மாத ஒப்பந்தம்.
நான் சவுண்டு. பன்னிரண்டு சேனல்,
அதில் இரண்டு செத்தவை.
(என் விசாவில் நான் இன்னும் ஏ.சி. மெக்கானிக்.)

பிறந்தது கிரிம்ஸ்பி. அப்பா
மீன் ஏலக் கூடத்தில் ஐஸ் உடைப்பவர்.
பத்து வயதில் மெதடிஸ்ட் கோயில் பாடகர் குழு.
பதினேழில் முடியைப் பச்சையாக்கி
மூன்றே கார்டு தெரிந்த பையன்களோடு அலறல்;
லெஸ்டரில் வேன் நின்றது, குழுவும் அங்கேயே நின்றது.
அப்புறம் ஜாஸ். அப்புறம்
நாட்டுப்பாடல்காரன் ஒருவனோடு கல்யாணம், கூடவே அக்கார்டியன்.
அக்கார்டியன் இன்னும் இருக்கிறது.
எண்பத்தாறில் ஒரே ஒரு பாட்டு பட்டியலில் ஏறியது,
பதினோராம் இடம்.
அது நடனப் பாட்டு என்பதால்
ஜாஸ்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.
"என் தட்டை எந்த அடுக்கில் வைப்பதென்று தெரியாமல்
கடைக்காரர்கள் கவுண்டருக்குக் கீழே வைத்தார்கள்.
பாட்டு வாங்க யார் குனிவார்கள், சொல்லுங்கள்?"

ஆகஸ்டு. வாரத்துக்கு ஒரு கம்பி துருப்பிடிக்கிறது.
கண்ணாடிக்கு வெளியே கடலும் வியர்க்கிறது.
பாலம் தாண்டி வந்தவர்கள், கப்பல்படைப் பையன்கள்,
யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
ஒருநாள் மூன்றாம் மேசையில் பிறந்தநாள்.
கேக் வந்ததும் வாழ்த்துப் பாட்டை எடுத்து
அடக்க ஆராதனைக்குப் பாடுவதுபோல்
மெல்ல, மெல்ல இழுத்துப் பாடினார்.
கோழிக்கோட்டு அக்கவுண்டண்ட் ஷாநவாஸ்
மெழுகுவர்த்தியை ஊதாமலே அழுதார்.
மேனேஜர் என்னை முறைத்தார்,
ஏதோ நான்தான் ஒலியைக் கூட்டி அழவைத்ததுபோல.

ஒரு வியாழன் லீவு போட்டு
முஹர்ரக்குக்குக் கூட்டிப்போனேன்.
முத்துக் குளித்தவர்களின் பேரன்மார்
வரிசையாகச் சம்மணமிட்டிருந்தார்கள்.
கைதட்டல், மேளம், மண்பானை.
அவற்றுக்கெல்லாம் அடியிலிருந்து ஒரு முனகல் எழுந்தது,
தரைக்கும் கீழே இருந்து, ஆண்குரல்களா கடலா என்று தெரியாமல்.
அந்த ஆழத்துக்கு என்னிடம் சேனல் இல்லை.
லிஃப்ட் பட்டனில்கூடத் தாளம் போடும் விரல்கள் அவருடையவை.
அன்று இரண்டு மணி நேரம்
மடியில் கிடந்தன, அசையாமல்.

திரும்பும் வழியில் பாலத்தின் மேல்
வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு:
"போனில் பதிந்திருக்கிறேன் மேடம்.
நாளைக்கு உங்கள் நாலாவது பாட்டுக்கு அடியில் ஓடவிட்டால்
அம்சமாக உட்காரும்."

"வேண்டாம்."

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கலந்தவர்.
நான் விளக்கம் எதிர்பார்த்தேன்.
நாலு விளக்குக்கம்பம் போன பிறகு சொன்னார்:
"ஐஸ் பாளத்தில் கோடாரி இறங்கும்போதெல்லாம்
அப்பா ஒரு சத்தம் போடுவார்.
அதை நான் எந்த ரெக்கார்டிலும் வைக்கவில்லை."

சிக்னல் தாண்டி ஒரு கோல்டு ஸ்டோரில் நிறுத்தச் சொன்னார்.
முட்டிவலி. ஒரு பை ஐஸ் வாங்கி வந்து
பாவாடை மேலேயே வைத்துக்கொண்டார்.
உள்ளே கட்டிகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன,
கடக், கடக் என்று,
எந்தத் தாளத்திலும் சேராமல்.

ஜுஃபேர் வரும்வரை
நான் ரேடியோ போடவில்லை.